ஒண்ணு குறைங்க

லேப்டாப்பை மூட வேண்டாம்மா. எனக்குத் தொந்தரவு ஒண்ணும் இல்லை. நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் இந்தப் பக்கத்து பெர்த்துல காலை நீட்டிக்கிறேன். எங்க வீட்லயும் இதே கறுப்பு ஸ்கிரீன்தான். கலர் கலரா எழுத்து ஓடும். பாத்துப் பாத்துப் பழகிப்போச்சு.

நான் கோவில்பட்டி வரைக்கும் போறேன். தம்பி வீடு கட்டியிருக்கான், நாளன்னைக்குப் பால் காய்ச்சுறாங்க. பொண்ணுக்குப் பரீட்சை, அவ வரலை. அவங்க அப்பாவுக்கு வேலை இருக்கு. வேலை இருக்கறது நல்லதுதானே. இல்லாம இருந்ததையும் பாத்தாச்சு.

இல்லம்மா, நான் எங்கயும் வேலைக்குப் போகலை. வீட்லதான். பிளஸ் டூ, வரலாறு குரூப். கல்யாணமாகி மெட்ராஸ் வந்தது, மேடவாக்கத்துலயே இருக்கோம். எங்க வீட்டுக்காரர்தான் உங்க லைன். சோலைராஜ்னு பேரு, கம்பெனியில ராஜ். மத்தவங்க எழுதுற புரோகிராம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கற வேலை. அதுலயும் இவரு உக்காந்து பாக்கறவரு இல்லை, பாக்கறவங்களை வேலை வாங்குறவரு. கழுத்துல அட்டை, காதுல போன், எப்பப் பாத்தாலும் மீட்டிங். கையால புரோகிராம் எழுதி ரொம்ப வருஷமாச்சு. எப்பவாவது எழுதியிருப்பாரான்னே எனக்குச் சந்தேகம்தான். அதையெல்லாம் கேக்கக் கூடாது.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறக்குற சமயம், ஒருநாள் மதியமே வந்துட்டாரு. சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கலை. என்னன்னு கேட்டேன். ஏ.ஐ. வந்துருச்சு, இனிமே இத்தனை பேர் வேண்டாம்னுட்டாங்கன்னாரு. டப்பாவுல இருந்ததைத் தட்டுல போட்டுக் குடுத்தேன். சாப்பிட்டாரு. அவ்வளவுதான் நடந்துச்சு. சத்தம் போடலை, அழலை. நானும் மேற்கொண்டு கேக்கலை. கேட்டு என்ன ஆகப்போகுது.

வேற கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டாரு. எங்க போனாலும், ஆளுங்களை வேலை வாங்குறவரு வேண்டாம், தானே உக்காந்து எழுதுறவரா இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. சரி, எழுதறதுதானே, அதுக்குத்தான் ஏ.ஐ. இருக்கேன்னு ஆரம்பிச்சாரு. முதல்ல ஒரு மாசம் அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லணும். எனக்கு இது வேணும்னு தமிழ்லயே டைப் அடிப்பாரு, அது கடகடன்னு எழுதித் தள்ளும். பாப்பாவுக்கு டைம் டேபிள் காட்டுற மாதிரி ஒண்ணு போட்டாரு. வீட்ல தண்ணி கேன் எப்ப தீரும்னு சொல்ற மாதிரி ஒண்ணு. "பாத்தியா செண்பகம், நான் ஒரு வரி எழுதலை, எல்லாம் ரெடி" அப்படிம்பாரு. என் பேரு செண்பகவல்லி. எங்க ஊர் அம்மன் பேரு. நல்லாத்தான் இருக்குன்னேன்.

அந்தச் சந்தோஷத்தோடதான் ஒரு இன்டர்வியூவுக்குப் போனாரு, நேர்ல. இவரு போட்டதை அவங்க முன்னாடி திறந்து காட்டியிருக்காரு. அங்க இருந்தது சின்ன வயசுப் பொண்ணாம். உங்க வயசு இருக்கும். ஒரு வரியைத் தொட்டு, சார், இந்த வரியை எடுத்துட்டா என்ன ஆகும்னு கேட்டிருக்கு. இவருக்குத் தெரியலை. சரி, இந்த வரின்னு இன்னொண்ணைக் கேட்டிருக்கு. அதுவும் தெரியலை. அந்தப் பொண்ணு மரியாதையாத்தான், பேசிக்ஸை மட்டும் ஒருதரம் பாத்துட்டு வாங்க சார்னு சொல்லியிருக்கு. இவரு வீட்டுக்கு வந்து அதை மட்டும் நாலு தடவை சொன்னாரு. பாத்துட்டு வாங்க சார்னு சொல்லிச்சு செண்பகம். சார்னுதான் சொல்லிச்சு.

அன்னையில இருந்துதான் என் தலைவலி ஆரம்பம்.

ஏ.ஐ.யை மூடி வெச்சாரு. அ, ஆவன்னால இருந்து படிக்கப்போறேன்னாரு. சரி படிங்கன்னேன். அவரு பாட்டுக்கு ரூம்ல உக்காந்து படிச்சிருந்தா எனக்கு என்ன வந்துச்சு. எங்கயோ பாத்திருக்காரு, படிச்சதை வாய்விட்டு யாருக்காவது சொன்னாத்தான் மண்டையில நிக்குமாம். கேக்கறவங்களுக்குப் புரியணும்னுகூட இல்லையாம். வெளிநாட்டுல மேசை மேல ஒரு வாத்து பொம்மையை வெச்சுக்கிட்டு அதுகிட்டச் சொல்வாங்களாம். உங்களுக்குத் தெரியுமா அது? சிரிக்கிறீங்க, அப்ப நிஜந்தான் போல. எங்க வீட்ல வாத்து இல்லை. நான் இருந்தேன்.

சாயங்காலம் நான் சமையல்கட்டுல கீழ உக்காந்து காய் நறுக்கற நேரத்துக்கு வந்துடுவாரு. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்குவாரு. பாப்பா படிச்சு முடிச்ச பழைய பேப்பர் பின்பக்கத்துல எழுதுவாரு, எழுதி எழுதிச் சொல்வாரு. நான் பாக்கற சீரியல் அந்த நேரத்துலதான். டி.வி.யை அணைச்சுடணும், அவருக்குக் கவனம் சிதறுமாம். அந்தச் சீரியல்ல மூத்த மருமகளைப் போலீஸ் பிடிச்சதோட நிக்குது எனக்கு. அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியாது.

என்ன பேசுவாரு, எல்லாம் இதுதான். லூப்புன்னா சொன்னதையே திரும்பத் திரும்பச் செய்யறது, அரேன்னா வரிசையா அடுக்குன பெட்டி, இப்படி. நான் ஊம் கொட்டிக்கிட்டே இருப்பேன். எனக்கு என்ன தெரியும். முதல் வாரம் ஒருநாள், ரெண்டு பெட்டி இருக்கு, இதுல உள்ளதை அதுக்கும் அதுல உள்ளதை இதுக்கும் மாத்தணும்னாரு. எழுதிப் பாத்தா ரெண்டு பெட்டியிலயும் ஒண்ணே வந்து நிக்குது. ஏன்னு தெரியாம பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கிட்டே, "முதல் பெட்டியில புதுசைக் கொட்டிட்டா அதுல முன்னாடி இருந்தது எங்க போகும், அதை எடுத்து வேற எதுலயாவது வெச்சுட்டுத்தானே கொட்டணும்"னு கேட்டேன். சும்மா கேட்டேன். காபியும் பாலும் ரெண்டு டம்ளர்ல இருந்தா யாரா இருந்தாலும் மூணாவது டம்ளரைத்தானே எடுப்பாங்க. அவரு, "ஆமா, அதைத்தான் சொல்ல வந்தேன்"னாரு. பெரிய படிப்பு படிச்சவரு, சொல்ல வந்திருப்பாரு.

மழைக்காலம் பூரா இப்படியே போச்சு. ஒருநாள்கூட விடமாட்டாரு. எனக்குக் காய்ச்சல்னு படுத்திருந்தப்பகூடக் கட்டில் பக்கத்துல வந்து உக்காந்து சொன்னாரு. கண்ணை மூடிக்கிட்டு ஊம் போட்டுக்கிட்டு இருந்தேன். அந்த அரேயில எண்ணிக்கை ஒண்ணுல ஆரம்பிக்காது, சைபர்ல ஆரம்பிக்கும்னு அன்னைக்குத்தான் சொன்னாரு. அது ஏன் அப்படின்னு எனக்குக் கொஞ்ச நேரம் யோசனையா இருந்துச்சு. காய்ச்சல் நேரத்துல கண்டதும் தோணும்ல. அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், அது வீட்டு நம்பர் இல்லை, வாசல்ல இருந்து எத்தனை வீடு தாண்டணும்ங்கற கணக்கு. முதல் வீட்டுக்கு ஒண்ணையும் தாண்ட வேண்டாம். அதனால சைபர். சரியாம்மா? சரியாத்தான் இருக்கும். அவரு சொன்னதுதான் எப்படியோ.

அவருக்கு வராத ஒண்ணு இருந்துச்சு. விகடகவின்னு ஒரு வார்த்தை இருக்குல்ல, முன்னாடி இருந்து படிச்சாலும் பின்னாடி இருந்து படிச்சாலும் ஒண்ணா வரும். ஒரு வார்த்தையைக் குடுத்தா அது அப்படிப்பட்ட வார்த்தைதானான்னு கண்டுபிடிக்கணும். முதல் எழுத்துல ஒரு விரல், கடைசி எழுத்துல ஒரு விரல். ரெண்டும் ஒண்ணா இருந்தா இதை ஒரு அடி முன்னாடி, அதை ஒரு அடி பின்னாடி நகத்தணும். நடுவுல ரெண்டு விரலும் சந்திச்சுட்டா முடிஞ்சுது. சுலபந்தான். ஆனா அவரு எப்பப் போட்டாலும் அந்தக் கடைசி விரலைத் தப்பான இடத்துல வெப்பாரு. விகடகவில அஞ்சு எழுத்து, அதனால அஞ்சுல வெப்பாரு. சைபர்ல ஆரம்பிச்சா கடைசி எழுத்தோட நம்பர் நாலுதானே. அஞ்சுல எழுத்தே இல்லையே, வெறும் சுவர்தானே அங்க இருக்கு. நான் சொல்வேன், "ஒண்ணு குறைங்க." அவரு, "ஆமா ஆமா"ன்னு குறைப்பாரு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போட்டாலும் அஞ்சுதான். மறுபடி, ஒண்ணு குறைங்க. எங்க வீட்ல அது உப்பு எடுத்துக் குடுங்கங்கற மாதிரி ஆயிடுச்சு.

தை மாசம் ஒரு பெரிய கம்பெனியில இருந்து அழைப்பு வந்துச்சு. பேர் சொல்ல வேண்டாம். அவங்க இன்டர்வியூவை லேப்டாப்லயே வெச்சாங்க. ஏ.ஐ. தொடக் கூடாது, ஸ்கிரீன்ல வேற ஜன்னல் திறக்கக் கூடாது, எழுத எழுத என்ன நினைக்கிறீங்கன்னு வாய்விட்டுச் சொல்லணும். எல்லாரும் ஏ.ஐ.யைப் பாத்துப் பதில் சொல்றாங்கன்னு அப்படி ஒரு ஏற்பாடாம். இவருக்குச் சந்தோஷம். இத்தனை மாசம் அதைத்தானே பண்ணிக்கிட்டு இருந்தாரு. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு உக்காந்தாரு. ஹால்ல. ரூம்ல சிக்னல் கம்மி.

நான் சமையல்கட்டுல கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். சத்தம் காட்டலை. முதல் கேள்விக்கு நல்லாச் சொன்னாரு. ரெண்டாவதுக்கும் சொன்னாரு. மூணாவதா அந்த ஆளு இங்கிலீஷ்ல ஏதோ கேட்டாரு. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, ஆனா வேர்டு, ஃப்ரன்ட், பேக்னு காதுல விழுந்ததும் தெரிஞ்சுபோச்சு, விகடகவிதான். நான் கீரையைக் கீழ வெச்சுட்டேன். ஏன் வெச்சேன்னு தெரியலை. கதவுகிட்டப் போய் நின்னேன். அவரு எழுதிக்கிட்டே சொல்லிக்கிட்டு வர்றாரு. லெஃப்ட் சைபர்னாரு. சரி. ரைட்டு, மொத்த நீளம்னாரு.

வாய் தானா வந்துருச்சும்மா. ஒண்ணு குறைங்கன்னுட்டேன்.

மெதுவாச் சொன்னதாத்தான் நினைச்சேன். அந்தப் பக்கம் கேட்டுருச்சு. அப்புறம் அந்த ஆளு தமிழ்லயே கேட்டாரு, "அங்க வேற யாராவது இருக்காங்களா சார்?" இவரு இல்லைன்னாரு. உடனே, என் மனைவி இருக்காங்கன்னாரு. அந்த ஆளு, "தப்பா எடுத்துக்காதீங்க, லேப்டாப்பைச் சுத்தித் திருப்பி ரூமைக் காட்ட முடியுமா"ன்னு கேட்டாரு. இவரு லேப்டாப்பைத் தூக்கி மெதுவாத் திருப்பினாரு. சோபா, ஜன்னல், பாப்பாவோட சைக்கிள், அப்புறம் நான். நைட்டி மேல ஒரு துண்டு. கையில கீரைத் தண்டு ஒண்ணு இருந்திருக்கு, நான் அதைக்கூடக் கவனிக்கலை. அதுல ரெண்டு பேர் முகம் தெரிஞ்சுது, ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை. என்னையே பாத்தாங்க. நான் என்ன பண்றதுன்னு தெரியாம வணக்கம்னேன்.

அந்தப் பொம்பளை கேட்டாங்க, "அவங்களும் டெவலப்பரா சார்?"

"இல்லைங்க மேடம், ஹவுஸ் வொய்ஃப். அவளுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னாரு.

அவரு சொன்னது உண்மைதானே. ஆனா அவங்க நம்பலை. எனக்கு யாரோ காதுல சொல்லி நான் அவருக்குச் சொல்றேன்னு நினைச்சிருப்பாங்க, இல்லைன்னா இவரு பொய் சொல்றாருன்னு. ரெண்டுல ஒண்ணு. பரவால்லை சார், நாங்க மெயில் அனுப்புறோம்னாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலை.

அவரு லேப்டாப்பை மூடிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. நான் உள்ள போய் மிச்சக் கீரையை ஆய்ஞ்சேன். பருப்பு வெந்திருந்துச்சு, கடைஞ்சேன். எனக்கு அழுகை வரணும்ல. வரலை. பயமும் இல்லை. கை பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தட்டு வெச்சேன், வந்து உக்காந்தாரு. பாதி சாப்பிட்டதும் கேட்டாரு.

"நீ ஏன் சொன்னே?"

"தப்பாப் போட்டீங்களே."

"நானே கண்டுபிடிச்சிருப்பேன்."

"சரி."

இன்னும் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, "உனக்கு எப்படித் தெரியும்?"னாரு.

"நீங்கதானே சொன்னீங்க"ன்னேன்.

சாப்பிடறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரும்மா. கோபமாப் பாத்திருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். கோபம் இல்லை. பஸ் ஸ்டாண்டுல நம்ம பையை வேற யாரோ வெச்சுக்கிட்டு நின்னா, அது நம்ம பைதானான்னு பாப்போம்ல, அப்படி. அப்புறம் கையைக் கழுவிட்டுப் போயிட்டாரு. மறுநாள் சாயங்காலம் நான் டி.வி.யை அணைச்சுட்டுக் காயோட உக்காந்தேன். வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. அந்த வேலை கிடைக்காமப் போனதுக்கு என் மேல வருத்தம், அவ்வளவுதான். நியாயந்தான். நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அது கிடைச்சிருக்கும்.

இப்ப ஒண்ணும் குறையில்லை. அவரோட பழைய கம்பெனியில இருந்த ஒருத்தரு தனியா ஆரம்பிச்சிருக்காரு. அவருக்கு யாரு எழுதுனாங்கன்னு கவலை இல்லை, சீக்கிரம் முடியணும். இவரு மறுபடி ஏ.ஐ.யைத் திறந்துட்டாரு. கேக்கறாரு, அது எழுதுது, இவரு அனுப்புறாரு. ரூம் கதவைச் சாத்திக்கிட்டு வேலை. மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுது. எங்க மாமியாருக்கு நிம்மதி, எங்க அம்மாவுக்கு நிம்மதி. எனக்கும் சாயங்காலம் கிடைச்சுருச்சு. சீரியல் பாக்கறேன். மூத்த மருமகளை வெளிய விட்டுட்டாங்க, எப்படி விட்டாங்கன்னு தெரியலை. ஆளுங்க பேசுறாங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன். விளம்பரம் வந்ததுகூடச் சில நேரம் தெரியறதில்லை.

என்னது? நானா? ஐயோ, நான் எங்கம்மா படிக்கறது. நீங்க வேற. வயசு நாப்பத்தொண்ணு ஆச்சு.

அது கேட்டுக்கிட்டு இருந்ததும்மா, படிச்சது இல்லை. நீங்க கேக்கறதால சொல்றேன், போன மாசம் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் கணக்கு ஒண்ணு குடுத்திருக்காங்க. ஒன்பதாவது படிக்கிறா, தன்யஸ்ரீன்னு பேரு. அவங்க அப்பாகிட்டப் போனா, ஏ.ஐ.கிட்டக் கேளும்மா, அப்பாவுக்கு வேலை இருக்குன்னுட்டாரு. அதுகிட்டக் கேட்டா, அது முழுசா எழுதிக் குடுத்துருச்சு. இவ அதைப் பாத்து எழுதிக்கிட்டுப் போயிட்டா. கிளாஸ்ல டீச்சரு போர்டுல வந்து போடச் சொன்னதும் நின்னுட்டா. அழுதுக்கிட்டு வந்தா. எனக்கு மனசு கேக்கலை. இருக்கற மார்க்குலயே பெரிய மார்க் எதுன்னு கண்டுபிடிக்கற கணக்கு அது. "முதல் மார்க்கைக் கையில வெச்சுக்கோ, ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே போ, கையில இருக்கறதைவிடப் பெருசு வந்தா இதைப் போட்டுட்டு அதை எடுத்துக்கோ, கடைசி வரைக்கும் போனதும் கையில என்ன இருக்கோ அதுதான்"னேன். அவ உடனே போட்டுட்டா. அப்புறம் ரெண்டு மூணு கணக்கு அவளே என்கிட்டக் கொண்டு வந்தா. டீச்சரு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டப்ப, அப்பான்னு சொல்லியிருக்கா. சரியாத்தான் சொல்லியிருக்கா. எனக்குச் சொன்னது அவருதானே.

அதை அவருகிட்டச் சொல்லலாம்னுதான் அன்னைக்கு ரூமுக்குள்ள போனேன். சும்மா போகலை, பால்கனியில துணி காஞ்சிருந்துச்சு, அந்த ரூம் வழியாத்தான் எடுக்கணும். உக்காந்திருந்தாரு. ஸ்கிரீன் நிறைய எழுத்து. அவரு கை கீபோர்டுல இல்லை, மடியில இருந்துச்சு. எழுத்து மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சுக் கிட்டப் போய்ப் பாத்தேன். அங்கங்க லூப் தெரிஞ்சுது. ஒரு லூப்புக்குள்ள இன்னொரு லூப் இருந்துச்சு. நடுவுல ஒரு இடத்துல எதுக்கோ மறுபடி முதல்ல இருந்து போகுது, அது ஏன்னு எனக்குப் பிடிபடலை.

பாப்பா விஷயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனா வேற கேட்டுட்டேன்.

"இது என்ன பண்ணுது?"னேன்.

அவரு திரும்பலை. "தெரியலை செண்பகம்"னாரு. "ஓடுது."

நான் அங்கயே கொஞ்சம் நின்னேன். துணி எல்லாம் தோள்ல இருந்துச்சு. முக்காலியை இழுத்துப் போட்டு உக்காருன்னு சொல்வாரோன்னு எல்லாம் நினைக்கலை, சும்மாதான் நின்னேன். எழுத்து ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. துணியை மடிக்க வந்துட்டேன்.